ஊஃபரின் முனகலும் கறிவேப்பிலை மூடும்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர் சோபாவில் உட்கார்ந்த கையோடு கேட்டார்: "உள்ள மாவு ஆட்டுதியளா?"

இல்லை. கிரைண்டர் ஓடவில்லை. அது எங்கள் புது ஹோம் தியேட்டர்!

படம் ஓடவில்லை, பாட்டும் ஓடவில்லை. விருந்தாளி முன்னால் கொஞ்சம் பந்தா காட்டலாமே என்று ரிமோட்டில் பவரை மட்டும் அழுத்தியிருந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த கறுப்புப் பெட்டி — அதுதான் சப்-ஊஃபர் — 'ம்ம்ம்ம்ம்...' என்று வழக்கம்போல ஒரே சுருதியில் முனக ஆரம்பித்துவிட்டது. ஜுரத்தில் கிடக்கிறவர் முனகுவாரே, அது மாதிரி. என் பந்தா அங்கேயே படுத்துவிட்டது.

இந்த தியேட்டர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி விஜயாவின் தம்பி கத்தாரில் வேலை பார்க்கிறான். மூன்று மாதத்துக்கு முன் லீவில் வந்தபோது அக்காவுக்கு இரண்டு தைல பாட்டில் கொண்டுவந்தான். அத்தானுக்கு ஐந்து ஸ்பீக்கரும் ஒரு ஊஃபரும்! இந்தப் பாரபட்சத்தை விஜயா இன்னும் மறக்கவில்லை. ஊஃபர் முனகத் தொடங்கியபோது அவள் முகத்தில் ஒரு சின்னத் திருப்தியைப் பார்த்தேன் என்று சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

வந்த நாள் முதலே இந்த முனகல்தான். நானும் சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் கிழக்கு மூலையிலிருந்து மேற்கு மூலைக்கு மாற்றினேன். அடியில் ரப்பர் பாய் விரித்தேன். ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன் (பால் கெட்டதுதான் மிச்சம்). பிளக்கை வேறு பாயிண்டில் செருகினேன். வால்யூமைக் குறைத்தால் பாட்டு குறைந்தது, முனகல் அப்படியே இருந்தது. கரண்ட் நாலு மணி நேரம் வந்து நாலு மணி நேரம் போகிற காலம் இது. கரண்ட் வருகிற நேரத்தையெல்லாம் பெட்டிக்குப் பின்னால் குப்புறப் படுத்தே கழித்தேன்.

விஜயா ஒரு வைத்தியம் சொன்னாள்.

"அத ஆஃப் பண்ணுங்க. சத்தம் போவும்."

இப்படிப்பட்டவர்களோடு என்ன பேசுவது?

கடைசியில், சொந்தக்காரர் வந்துபோன அந்த ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, மச்சினனுக்கே போன் போட்டேன். "அத்தான், கவலப்படாதீங்க. எனக்க ரூம்ல இருந்த ததேயு அண்ணன் இப்பம் ஊர்லதான் இருக்காரு. இனயத்துக்காரரு. பன்னிரண்டு வருஷமா இஞ்ச ஹோட்டல்லயும் வில்லாவுலயும் ஸ்பீக்கர் மாட்டுற வேல. அவர விட்டா ஆளில்ல" என்றான்.

மறுநாள் திங்கட்கிழமை சாயங்காலம் ததேயு பைக்கில் வந்து இறங்கினார். நாற்பது வயசு இருக்கும். தோளில் ஒரு டூல்ஸ் பை, சட்டைப் பையில் புதிதாக அச்சடித்த விசிட்டிங் கார்டு. வாசலில் நின்ற மனிதரிடம் நான் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா?

"எப்பம் வந்திய? எப்பம் போவிய?"

எங்கள் மாவட்டத்தில் கல்ஃபிலிருந்து வந்தவரைப் பார்த்தால் இந்த இரண்டு கேள்வியும் ஒரே மூச்சில் வந்துவிடும். நடுவில் 'சுகமா' என்று கேட்கக்கூட இடம் விடமாட்டோம். வந்தவன் திரும்பிப் போயே தீர வேண்டும் என்பது எங்கள் ஊர்ச் சட்டம்.

ததேயு சிரித்தார். "அடுத்த வெள்ளிக்கிழம டிக்கெட் இருக்கு அண்ணே. ஆனா போவணுமா வேண்டாமான்னு தெரியல்ல."

டீ குடிக்கும்போது மீதியைச் சொன்னார். அவர் மனைவி ஷைனிக்கு அவர் இனிமேல் போகக்கூடாது. மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவருக்கும் போக மனசில்லை. அதனால்தான் இந்த விசிட்டிங் கார்டு. ஆனால் ஊரில் வேலை கைகூடவில்லை.

"ரெண்டு எடத்துல வேல எடுத்தேன் அண்ணே. ஒண்ணு எங்க ஊரு இனயத்துல, ஒண்ணு பக்கத்து ஊரு கருங்கல்ல. ரெண்டு எடத்துலயும் இதே முனகல். ஊஃபர மாத்துனேன், ஒயர மாத்துனேன்... தீரல்ல. வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்லல்ல. ஆனா பின்ன கூப்பிடவும் இல்ல." டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க கம்பெனி சொல்லும், நான் மாட்டுவேன். இஞ்ச நானே கண்டுபிடிக்கணும்லா? ஷைனிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன். இது மூணாவது. இதையும் தீக்க முடியல்லன்னா எனக்கு இஞ்ச வேல தெரியல்லன்னு அர்த்தம். வெள்ளிக்கிழம ஏறிருவேன்."

எனக்கு சங்கடமாகிவிட்டது. நான் படம் பார்க்க ஆசைப்பட்டு ஒருவரைக் கூப்பிட்டால், அவர் தன் குடும்பத்தையே கொண்டுவந்து என் ஊஃபர் மேல் வைத்துவிட்டாரே!

வேலையை ஆரம்பித்தார். நான் பண்ணியது மாதிரி இல்லை... முறையாக. முதலில் ஊஃபரிலிருந்து எல்லா ஒயரையும் கழற்றிவிட்டு பவர் மட்டும் கொடுத்தார். சத்தமே இல்லை. "பெட்டிக்கு ஒரு கோளாறும் இல்ல" என்றார். அடுத்து ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் ஒயரை மாட்டினார். அப்போதும் அமைதி. டிவியைச் சேர்த்தார். அமைதி. கடைசியாக டிவியின் முதுகில் கேபிள் டிவி ஒயரைச் செருகினார்.

ம்ம்ம்ம்ம்...

உருவினார், நின்றது. செருகினார், வந்தது.

"அப்போ கேபிள்காரன்தான் குற்றவாளி!" என்றேன். எனக்கு எப்போதுமே ஒரு குற்றவாளி சீக்கிரம் கிடைத்துவிட வேண்டும்.

"அப்படியும் சொல்ல முடியாது. ரெண்டு பக்கத்துலயும் எர்த் வருது. கேபிள் வழியா ஒண்ணு, நம்ம பிளக் வழியா ஒண்ணு. ரெண்டுக்கும் ஒத்துப்போவல்ல. அந்தச் சண்டைதான் ஊஃபர்ல கேக்குது."

"இதுக்கு என்ன வழி?"

ததேயு கொஞ்சம் தயங்கினார். "பந்தல்ல மைக் செட் போடுற கூட்டாளி ஒருத்தன் நேத்துத்தான் சொல்லித் தந்தான். இஞ்ச எல்லாரும் இதைத்தான் செய்வாங்களாம்."

ஊஃபரின் பிளக்கைத் திறந்தார். மூன்று ஒயர் இருந்தது. எர்த்துக்கான பச்சை ஒயரை மட்டும் கழற்றி, நுனியில் டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்து மூடினார். எல்லாவற்றையும் மாட்டி பவரைப் போட்டார்.

அமைதி. முழு அமைதி! அடுப்படியில் விஜயா கரண்டி வைக்கிற சத்தம்கூடக் கேட்டது.

எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. ததேயு அங்கேயே நின்று ஷைனிக்கு போன் போட்டார். "தீந்துட்டு பிள்ளே!" என்ற ஒரு வார்த்தைதான் காதில் விழுந்தது. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது விஜயா பின்கட்டிலிருந்து வந்தாள்.

"தம்பி, நிக்கீங்களே... அந்த வாஷிங் மெஷினையும் ஒண்ணு பாத்துருங்க. தொட்டா கையில சுர்ருங்கு. நானும் இவியட்ட ரெண்டு வருஷமா சொல்லுதேன்."

நான் குறுக்கே புகுந்தேன். "ஏட்டி, அவரு ஆடியோ ஆளாக்கும். அது வேற டிபார்ட்மெண்ட். ஈரக் கையோட தொட்டா அப்படித்தான் இருக்கும்."

ததேயு ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் அவர் தோளில் கைபோட்டு வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். எனக்கு அவசரம்... படம் பார்க்க வேண்டாமா?

பார்த்தேன். மூன்று மாதக் குறை தீரப் பார்த்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. முடிந்ததும் செல்போனை எடுத்தால், ஆறு மிஸ்டு கால். எல்லாம் ததேயு. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

காலையில் நான் பேச வேண்டியிருக்கவில்லை. பேப்பர் வருவதற்கு முன்னால் அவரே வந்து நின்றார். இனயத்திலிருந்து கோட்டாறு பக்கத்திலிருக்கும் எங்கள் வீட்டுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். தலை கலைந்திருந்தது. 'குட்மார்னிங்' கூடச் சொல்லவில்லை.

"அக்கா மெஷினத் தொட்டாவளா?"

"இல்ல... இன்னைக்குத் துணி போடல்ல."

"மாதாவே!" என்று வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "தக்கலை தாண்டினதுக்குப் பிறவுதான் அண்ணே, அக்கா சொன்னது மனசுல தட்டிச்சு. சுர்ருங்குன்னு சொன்னாவல்லா? வண்டிய நிறுத்திப் போன் போட்டேன். நீங்க எடுக்கல்ல."

எப்படி எடுப்பேன்? அவர் தீர்த்துவைத்த அமைதியில் நான் குண்டு வெடிக்கிற சீன் பார்த்துக்கொண்டிருந்தேனே!

நேராகப் பின்கட்டுக்குப் போனார். பையிலிருந்து வோல்ட் பார்க்கிற மீட்டரை எடுத்து, ஒரு முனையை வாஷிங் மெஷினின் உடம்பில் வைத்தார். இன்னொரு முனையை ஈரத் தரையில் வைத்தார். நம்பர் ஏறியது. எண்பத்திரண்டு வோல்ட். ஃபிரிட்ஜில் வைத்தார். அங்கேயும் அதே எண்பத்திரண்டு.

வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. இரண்டு வருஷமாக அது அங்கேதான் கிடக்கிறது. விஜயா அதைப் போட்டுக்கொண்டுதான் துணி துவைப்பாள். எதற்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றைக்குத்தான் அந்தச் செருப்பை முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும்.

"அண்ணே, ஒங்க வீட்டுக்கு எர்த் இல்ல" என்றார் ததேயு. "வீட்டுக்குள்ள பச்சை ஒயர் எல்லாம் இருக்கு. ஆனா அது மண்ணுல போய்ச் சேரல்ல. இப்பம் ஏதாவது ஒரு மெஷின்ல கரண்ட் கசிஞ்சா எல்லா மெஷின்லயும் ஏறும். மண்ணுக்குப் போவ வழியில்லாத கரண்டு, கேபிள் ஒயர் வழியா ஓடப் பாத்துது. அதான் அந்த முனகல். நான் அந்த வழியயும் அடச்சிட்டேன். நேத்து நான் செஞ்சது வேலையில்ல அண்ணே. சொன்ன வாயப் பொத்தினேன். அவ்வளவுதான்."

மீட்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நான் ஐ.டி.ஐ.ல படிச்சதே எலக்ட்ரிக்கலாக்கும். பன்னிரண்டு வருஷம் ஸ்பீக்கர மட்டும் பாத்துப் பாத்து எர்த்த மறந்துட்டேன். அங்க அது கட்டடக்காரங்களுக்க பாடு... நான் கேட்டதே இல்ல."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எர்த் ஒயர மண்ணுல இறக்குன குழி எங்க இருக்கு?"

நான் வீட்டுச் சொந்தக்காரன். பத்திரம் என் பெயரில் இருக்கிறது. எனக்குத் தெரியவில்லை!

சுற்றிச் சுற்றி நடந்தோம். எங்கே பார்த்தாலும் சிவப்பும் சாம்பலுமாக இன்டர்லாக் கல். இரண்டு வருஷத்துக்கு முன் மச்சினன் கல்யாணத்துக்கு முற்றம் முழுக்கப் பதித்தது. இப்போதெல்லாம் எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் முதலில் முற்றத்துக்குத்தான் அலங்காரம். மண் தெரிந்தால் கௌரவக் குறைச்சல். பந்தல் போட வருகிறவன்கூட 'இன்டர்லாக் இல்லியா?' என்று ஒரு மாதிரி பார்க்கிறான்.

"கறிவேப்பில மூடு நின்ன எடம்" என்று, செடியை மூடு என்கிற எங்கள் ஊர்ப் பேச்சில், பின்னாலிருந்து குரல் வந்தது. விஜயா.

"வீடு வச்சப்ப எலக்ட்ரீசியன் எனக்கிட்டதான் சொன்னான். 'அக்கா, இதுல வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்தணும், காயவிடப்பிடாது'ன்னு. அதான் பக்கத்துலயே கறிவேப்பில வச்சேன். ரெண்டுக்கும் சேத்து ஊத்திருவேன். இவியதான் கார் நிறுத்தணும்னு அதப் புடுங்கிப் போட்டுட்டு மேல கல்லப் போட்டாவ."

சொல்லிவிட்டு கேட்டிலிருந்து நடந்தாள். சுவரோரமாக எட்டு அடி வைத்தாள். காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்று, காலால் ஒரு கல்லைத் தட்டினாள். "இஞ்ச."

காரைத் தள்ளி நிறுத்தினோம். கடப்பாரையால் நெம்பினால் இன்டர்லாக் கல் பல் மாதிரி வந்துவிடுகிறது. ஒன்பதாவது கல்லை எடுத்தபோது இரும்புக் குழாய் தெரிந்தது. குழியில் மண் பொடிப்பொடியாகக் காய்ந்து கிடந்தது. குழாயின் கழுத்தில் ஒயரைப் பிடித்திருந்த கிளாம்பை ததேயு விரலால் தொட்டார். துருவாக உதிர்ந்து கையோடு வந்தது. உப்புக்காற்று அடிக்கிற ஊர். கவனிக்காமல் விட்டால் எத்தனை நாள் தாங்கும்?

அன்று பகல் முழுக்க வேலை. கோட்டாறு கடைத்தெருவுக்குப் போய் கல்லுப்பும் தேங்காய்ச் சிரட்டைக்கரியும் ஒரு புது கிளாம்பும் வாங்கிவந்தேன். கல்லுப்பையும் கரியையும் தூக்கிக்கொண்டு வந்த என்னைப் பார்த்து எதிர்வீட்டுக்காரர் 'என்னவே, கருவாடு போடுதீரா?' என்றார். ததேயு பழைய குழியைத் தோண்டி, கரியும் உப்பும் மாறிமாறிப் போட்டு, புது ஒயரை இறுக்கினார். கரண்ட் கசிந்தால் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றையும் மெயின் பக்கத்தில் மாட்டினார். ஒரு கல் அளவுக்கு வாய் திறந்து வைத்து, மூடி போட்டார்.

முதல் குடம் தண்ணீரை விஜயாதான் ஊற்றினாள். மண் சர்ரென்று குடித்தது. இரண்டாவது குடத்தையும் குடித்தது. மூன்றாவது குடத்தை நான் ஊற்றினேன். வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மீட்டரை மறுபடி வைத்தார். ஒரு வோல்ட்டுக்கும் கீழே. விஜயா செருப்பைக் கழற்றிவிட்டு, வாஷிங் மெஷின் மேல் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். இரண்டு வருஷம்! ஊஃபர் மூன்று மாதம் முனகியதற்கு கத்தார் வரைக்கும் போன் போட்டவன் நான்.

கடைசியில்தான் ஊஃபருக்கு வந்தோம். பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைப் பழையபடி மாட்டினார். டிவி, ஆம்ப்ளிஃபயர், ஊஃபர் மூன்றையும் ஒரே போர்டில் செருகினார். கேபிள் ஒயரையும் மாட்டினார். ததேயு பவரைப் போடவில்லை. ரிமோட்டை விஜயாவிடம் நீட்டினார்.

"நீங்க போடுங்கக்கா."

அழுத்தினாள். மூன்று பேரும் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. ததேயு மட்டும் குனிந்து காதைப் பெட்டியோடு ஒட்டிவைத்தார். "துளி இருக்கு. துளி இருக்கட்டும். அது பெட்டிக்க சொந்தச் சத்தம்" என்றார்.

இந்த முறை ஷைனிக்கு போன் போடவில்லை. வாசலில் உட்கார்ந்து என்னிடம் சொன்னார். "அண்ணே, இனயத்துலயும் கருங்கல்லயும் நான் போன அந்த ரெண்டு வீடும்... முற்றம் முழுக்க இன்டர்லாக்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கடப்பாரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஒரு ரெண்டு நாளைக்குக் கொண்டு போவட்டா?"

கடப்பாரையை பைக்கில் கட்டி அனுப்பினேன். பிறகு ஒரு வாரத்துக்குமேல் சத்தமில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் 'எப்பம் போவிய' என்று என் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று பயம்.

ஆனாலும் மனசு அடிக்கடி அங்கே போய்க்கொண்டிருந்தது. ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. நம் வீட்டில் எது சத்தம் போட்டாலும் அதை நிறுத்தத்தான் முதலில் பார்க்கிறோம். குழந்தையானாலும் சரி, பெட்டியானாலும் சரி. ஏன் சத்தம் போடுகிறது என்று கேட்க முப்பது கிலோமீட்டர் திரும்பி வருகிற மனசு எத்தனை பேருக்கு இருக்கிறது? இப்படிப்பட்ட ஒருவருக்கு ஊரில் வேலை இல்லை என்றால் அது ஊரின் கோளாறு.

போகட்டும்... உங்கள் வீட்டு எர்த் குழி எங்கே இருக்கிறது? தெரியவில்லையா? யோசித்து மண்டையைக் குழப்பாதீர்கள். வீட்டம்மாவிடம் கேளுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. விமானம் திருவனந்தபுரத்திலிருந்து மத்தியானம் இரண்டரைக்கு. இரண்டு மணிக்குமேல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. விஜயாவும் சோற்றுக் கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனைப் போட்டேன். மணி அடித்தது. ஒரு பெண் குரல் எடுத்தது. ஷைனி.

"ததேயு..." என்று இழுத்தேன். அதற்குமேல் கேட்க வாய் வரவில்லை.

"அவிய கருங்கல்ல கல்லு பெயர்க்கப் போயிருக்காவ அண்ணே. போன வச்சிட்டுப் போயிட்டாவ. வேலைக்கு விளிக்கவங்களுக்கு நான்தான் நாள் குறிச்சுக் குடுக்கேன்." பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் புரள்கிற சத்தம் கேட்டது. "ஒங்க வீட்டுக்கு எப்பம் வரணும்? அடுத்த வியாழக்கிழம வரைக்கும் அவிய ஃப்ரீ இல்ல கேட்டியளா."